பேஸ்மேக்கர் வைத்த பிறகு இதயத்தைச் சுற்றி நீர் கோத்தால்

அம்மாவுக்கு, இதயத் துடிப்பு குறையாமல் மின்துடிப்பு கொடுக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்த மறுநாள் காலை, எக்கோ என்ற இதய ஸ்கேனைப் பார்த்துவிட்டு வந்த டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். "இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் நீர் கோத்திருக்கு, இன்னும் ரெண்டு நாள் இங்கேயே வச்சுப் பார்ப்போம்." அவர் போனதும் கட்டிலைச் சுற்றி நின்ற நாங்கள் ஆளுக்கொரு விதமாக அர்த்தம் பண்ணிக்கொண்டோம். சித்தி, இனிமேல் உப்பைக் குறைத்துத்தான் சமைக்க வேண்டும் என்றார். அப்பா தண்ணீர் பாட்டிலை எடுத்து அம்மாவுக்கு எட்டாத இடத்தில் வைத்தார். மாமா, தன் வீட்டில் இருக்கும் நீர் மாத்திரையைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். எல்லாம் அக்கறையில் சொன்னதுதான். ஆனால் ஒன்றுகூட இந்த நீருக்குப் பொருந்தாது. அந்த மாத்திரையைப் போட்டிருந்தால் கெடுதலாகக்கூட முடிந்திருக்கும்.

ஏன் என்று எனக்கே அன்று தெரியாது. பிறகு டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதை, இதே வரியைக் கேட்டுவிட்டுக் குழம்பி நிற்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

குழப்பம் 'நீர்' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. கால் வீங்கினாலும் நீர் என்கிறோம், நுரையீரலில் சேர்ந்தாலும் நீர் என்கிறோம். அவை பெரும்பாலும் இதயம் பலவீனமாகி, ரத்தத்தை முழுதாக வெளியே தள்ள முடியாமல், பின்னால் தேங்குவதால் வருபவை. அங்கே உப்பைக் குறைப்பதற்கும், நீர் மாத்திரை கொடுத்துச் சிறுநீராக வெளியேற்றுவதற்கும் அர்த்தம் இருக்கிறது. இதயத்தைச் சுற்றிச் சேர்வது வேறு கதை. அதிலும் பேஸ்மேக்கர் வைத்த முதல் சில நாட்களில் சேர்வது பல நேரம் நீரே கிடையாது, ரத்தம். டாக்டர்களும் பேச்சு வழக்கில் நீர் என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு சுருக்குப்பையும் ஒரு தேக்கரண்டிக் கணக்கும்

நம் இதயம் மெல்லிய, ஆனால் உறுதியான ஓர் உறைக்குள் இருக்கிறது. பாட்டிகள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். பையின் வாய்ப்பக்கம் பெரிய ரத்தக்குழாய்கள் நுழைகின்றன, பைக்குள் இதயம். இந்த உறைக்கு இரண்டு அடுக்கு. ஓர் அடுக்கு இதயத்தோடு ஒட்டியிருக்கும், மற்றது வெளியே இருக்கும். இடையில் எல்லோருக்கும் எப்போதுமே கொஞ்சம் திரவம் உண்டு. 15 முதல் 50 மில்லி வரை, அதாவது மூன்றிலிருந்து பத்து டீஸ்பூன். இதயம் துடிக்கும்போது உரசாமல் இருப்பதற்கான எண்ணெய்போல அது. ஆகவே எக்கோ ரிப்போர்ட்டில் மிகச் சிறிய அளவு என்று எழுதியிருந்தால் பதற ஒன்றுமில்லை.

சுருக்குப்பை ரப்பர் பலூன் மாதிரி சட்டென்று விரியாது. இதய உறையும் அப்படித்தான். மெதுவாக, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் திரவம் சேர்ந்தால், உறை இழுபட்டு இடம் கொடுக்கும். ஒரு லிட்டருக்கு மேல் சேர்ந்தும் நடமாடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு மணி நேரத்தில் 150, 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு ரத்தம் கசிந்தால், உறைக்கு விரிய அவகாசமே கிடைக்காது. அந்த அழுத்தம் முழுவதும் இதயத்தின் மேல் விழும். இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்: எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது. "கொஞ்சம்தானே இருக்கு, அதுக்கு ஏன் ரெண்டு நாள்?" என்று நாங்கள் முணுமுணுத்தோம். அவர்கள் அந்த இரண்டு நாளும் பார்த்துக்கொண்டிருந்தது அது கூடுகிறதா என்பதைத்தான்.

வெளியிலிருந்து அழுத்தம் வந்தால் முதலில் நசுங்குவது இதயத்தின் வலப்பக்க அறைகள். உடம்பு முழுவதிலிருந்தும் திரும்பும் ரத்தம் வந்து நிரம்பும் இடம் அது. அங்கே அழுத்தம் குறைவு, சுவரும் மெல்லியது. அறை விரிய முடியாவிட்டால் ரத்தம் உள்ளே வராது. உள்ளே வராதது வெளியே போக வழியில்லை. கிணற்று மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் உறிஞ்சும் குழாயில் தண்ணீர் ஏறவில்லை என்றால் தொட்டி எப்படி நிறையும்? இந்த நெருக்கடி நிலைக்கு மருத்துவத்தில் டாம்பொனேட் என்று பெயர். ரத்த அழுத்தம் இறங்குவது, கழுத்து நரம்புகள் புடைப்பது, ஸ்டெதஸ்கோப்பில் இதய ஒலி தூரத்தில் கேட்பதுபோல மங்குவது ஆகிய மூன்றையும் இதன் அடையாளங்களாக அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக் 1935-இல் எழுதினார். இன்றும் மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள், மூன்றும் சேர்ந்து தெரிவது எல்லா நோயாளிகளிடமும் நடப்பதில்லை என்ற எச்சரிக்கையோடு.

இப்போது மாமாவின் நீர் மாத்திரைக்கு வருவோம். அது உடம்பில் ஓடும் ரத்தத்தின் கன அளவைக் குறைக்கும். ஏற்கெனவே இதயத்துக்குள் ரத்தம் நுழையத் திணறும்போது, வருகிற கொஞ்சத்தையும் குறைத்தால் அழுத்தம் இன்னும் இறங்கிவிடும். உறைக்குள் சேர்ந்திருப்பதை அந்த மாத்திரை இழுத்து வெளியேற்றாது. இந்த நிலையில் ரத்த அழுத்தம் இறங்கினால், ஊசி போட்டு நீரை எடுக்கும் வரை டாக்டர்கள் நரம்பு வழியாக சலைன் ஏற்றுவது இதனால்தான். 'நீர் கோத்திருக்கு என்று சொல்லிவிட்டு டிரிப்ஸும் போடுகிறார்களே' என்று குழம்ப வேண்டாம். வேறு காரணத்துக்காக, உதாரணமாகப் பழைய இதயப் பலவீனத்துக்காக, ஏற்கெனவே நீர் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று தாங்களாக முடிவு செய்யாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பேஸ்மேக்கர் எங்கே, இந்த நீர் எங்கே?

1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகின் முதல் உள்பொருத்து பேஸ்மேக்கரை வைத்தபோது, நெஞ்சைத் திறந்து இதயத்தின் வெளிப்புறத்தில் மின்கம்பிகளைத் தைத்தார்கள். அந்தக் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. பிறகு ஒன்று மாற்றி ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். இன்று நெஞ்சைத் திறப்பதில்லை. காறை எலும்புக்குக் கீழே சின்னதாகக் கீறி, அங்குள்ள சிரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) வழியாக 'லீட்' என்ற மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி, வலது மேலறையிலோ கீழறையிலோ இரண்டிலுமோ நிறுத்துகிறார்கள்.

லீட் நகராமல் இருக்க அதன் நுனியில் ஒரு குட்டித் திருகு இருக்கும். இதயச் சுவரில் அதைத் திருகிப் பொருத்துகிறார்கள். இடது கீழறையின் சுவர் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமன். வலது கீழறை சில மில்லிமீட்டர்தான், வலது மேலறை சுமார் 2 மில்லிமீட்டர். திருகின் நீளமும் கிட்டத்தட்ட அதே அளவு. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு நுனி சுவரைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்துவிடும். பெரும்பாலும் தசையே சுருங்கி அந்தத் துளையை அடைத்துக்கொள்ளும், ஒன்றும் தெரியாமலே போய்விடும். சிலருக்கு மட்டும் அந்த வழியாக ரத்தம் உறைக்குள் கசிகிறது.

எத்தனை பேருக்கு? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பேஸ்மேக்கர் வைத்த 4,280 பேரைப் பார்த்து 2005-இல் வெளியான ஆய்வில், 50 பேருக்கு இப்படி இதயச் சுவர் துளைபட்டதற்கான நீர்ச் சேர்க்கை இருந்தது. நூற்றுக்கு ஒருவரைவிடச் சற்று அதிகம். அவசரத்துக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி போட்டிருந்தவர்கள், திருகு வகை லீட் வைத்தவர்கள், அந்த நாட்களில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஆகியோருக்கு இது கூடுதலாக நேர்ந்தது. வயதானவர்களுக்கும் ஒல்லியான உடல்வாகு கொண்டவர்களுக்கும் ஆபத்து சற்று அதிகம், பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். என் அம்மாவுக்கு 74 வயது, 43 கிலோ. அவருக்கு வந்ததில் யாருடைய கவனக்குறைவையும் தேட வேண்டியதில்லை என்று இதைப் படித்த பிறகுதான் என் மனம் ஒப்பியது. லீடே இல்லாத, இதயத்துக்குள் நேரடியாக வைக்கும் மாத்திரை வடிவ பேஸ்மேக்கரிலும் இந்த ஆபத்து முழுதாக நீங்கவில்லை. 2016-இல் வெளியான, இந்த வகையைச் சேர்ந்த மைக்ரா என்ற கருவியின் ஆய்வில் 725 பேரில் 1.6 சதவீதத்தினருக்கு இந்தச் சிக்கல் வந்தது.

வாரங்கள் கழித்து வருவது

மேலே சொன்னது அன்றோ சில நாட்களிலோ தெரியவருவது. சில சமயம் திருகு மெல்ல மெல்ல நகர்ந்து வாரங்கள் கழித்தும் துளைக்கும். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் நன்றாக இருந்தவருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து லேசான காய்ச்சல், நெஞ்சு வலி என்று வந்தால் இன்னொரு காரணத்தையும் யோசிப்பார்கள். இதயத்தில் ஏற்பட்ட சிறு காயத்துக்கு உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் அளவுக்கு மீறிப் பதில் கொடுத்து, உறையில் அழற்சி உண்டாகி, அதிலிருந்து நீர் சுரப்பது. மாரடைப்புக்குப் பிறகு இப்படி வருவதை வில்லியம் டிரெஸ்லர் 1956-இல் விவரித்தார். பேஸ்மேக்கர் போன்ற சின்னக் காயத்துக்கும் இது அரிதாக வருகிறது.

இந்த வலிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மூச்சை இழுத்தால் குத்தும், மல்லாந்து படுத்தால் கூடும், எழுந்து உட்கார்ந்து முன்னால் குனிந்தால் குறையும். நோயாளி தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தால் டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். அது அவருக்குப் பெரிய துப்பு.

இதற்கு வைத்தியம் அழற்சியைத் தணிப்பது. ஆஸ்பிரின் அல்லது ஐபுப்ரோஃபென் வகை மருந்துகளோடு கோல்ச்சிசின் என்ற மாத்திரையையும் கொடுக்கிறார்கள். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் அதே வேதிப்பொருள்தான் அது. கண்வலிக்கிழங்கு என்று நாம் அழைக்கும் கொடி. மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தலில் ஏற்றி, விதைக்காகவே பயிரிடுகிறார்கள், மருந்து நிறுவனங்கள் வாங்கிக்கொள்கின்றன. இதைப் பெருமையாகச் சொல்லும்போதே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும்: அந்தக் கிழங்கு கொடிய விஷம். தின்று இறந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் போன்ற, அளந்து வைத்த அளவு. மாத்திரைக்கே வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்ந்தால் உடம்பில் விஷ அளவுக்கு ஏறிவிடும். ஆகவே இடையில் சளி, காய்ச்சல் என்று வேறு டாக்டரிடம் போனால் கோல்ச்சிசின் எடுப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வழக்கமாக மூன்று மாதம் வரை தொடர்வார்கள். வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தினால் திரும்பி வர வாய்ப்பு அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும் ஆபத்துதான். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும்.

டாக்டர்கள் என்னதான் பார்க்கிறார்கள்?

முதன்மையானது எக்கோ. அதில் வரும் எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், நாங்களும்தான். '8' என்று எழுதியிருந்ததை 8 மில்லி என்று நினைத்தோம். அது மில்லிமீட்டர்: இதயத்துக்கும் உறைக்கும் நடுவே தெரியும் இடைவெளி. 10 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் சிறியது, 10 முதல் 20 வரை நடுத்தரம், 20-க்கு மேல் பெரியது. இந்த எண்ணோடு, வலப்பக்க அறைகளின் சுவர் உள்நோக்கி மடங்குகிறதா என்பதையும் பார்ப்பார்கள். மடங்கினால் நெருக்கடி தொடங்கிவிட்டது என்று பொருள், எண் சின்னதாக இருந்தாலும்.

எக்ஸ்ரேயில் லீட் நுனி வைத்த இடத்தில் இருக்கிறதா என்று தெரியும். தேவைப்பட்டால் சிடி ஸ்கேன். பேஸ்மேக்கரையும் அதற்கான கணினிக் கருவி வைத்துச் சோதிப்பார்கள். இதயத்தைத் துடிக்கவைக்க முன்பைவிட அதிக மின்சாரம் தேவைப்பட்டால் நுனி நகர்ந்திருக்கலாம். நிற்காத விக்கல் வந்தால் அதையும் லேசாக விடாதீர்கள். நகர்ந்த லீடின் மின்துடிப்பு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையான உதரவிதானத்தைத் தொட்டால், துடிப்புக்குத் துடிப்பு விக்கல் மாதிரியே வயிறு தூக்கிப்போடும்.

இனி சிகிச்சை. நீர் கொஞ்சமாக இருந்து, ரத்த அழுத்தம் சரியாக இருந்து, லீடும் ஒழுங்காக வேலை செய்தால், பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பதே சிகிச்சை. சில மணி நேரத்திலோ மறுநாளோ மறுபடி எக்கோ, பிறகு ஒரு வாரத்தில் ஒன்று. இந்தக் காலத்தில் வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்துவார்கள், அவசரமானால் அதன் வேலையை முறிக்க மருந்தும் கொடுப்பார்கள். இதிலும் வீட்டு முடிவு கூடாது. இதயத்தில் உலோக வால்வு உள்ளவர் தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து பக்கவாதமே வரலாம். எத்தனை நாள் நிறுத்த வேண்டும், எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நெருக்கடி வந்துவிட்டால் நீரை எடுத்துத்தான் ஆக வேண்டும். கேட்கப் பயமாக இருந்தாலும் இது பல இடங்களில் வழக்கமாகச் செய்யும் வேலைதான். நெஞ்சுக்குழிக்கு அருகிலோ விலா இடுக்கிலோ மரத்துப்போக ஊசி போட்டு, எக்கோவில் பார்த்தபடியே ஒரு நீண்ட ஊசியை உறைக்குள் செலுத்துவார்கள். பிறகு அதே வழியில் பன்றிவால் போல நுனி சுருண்ட மெல்லிய ட்யூபை வைத்துவிட்டு ஊசியை எடுத்துவிடுவார்கள். முதல் 50 மில்லி வெளியேறும்போதே ரத்த அழுத்தம் ஏறுவதையும் முகம் தெளிவதையும் பார்க்க முடியும். உறையின் கடைசி இடத்தையும் அடைத்திருந்தது அந்தக் கொஞ்சம்தான். ட்யூபை ஓரிரு நாள் விட்டுவைத்து, ஒரு நாளில் வடிவது 25, 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுத்துவிடுவார்கள்.

லீட் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அதைத் திருகி எடுத்து வேறு இடத்தில் பொருத்த வேண்டும். நுனியை இழுக்கும் நொடியில் துளை திறந்து ரத்தம் கசியலாம் என்பதால், எக்கோவும் அறுவைக் குழுவும் தயாராக இருக்கும் இடத்தில்தான் அதைச் செய்வார்கள். இதற்காகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் தயங்க வேண்டாம். கசிவு நிற்காவிட்டாலோ ரத்தம் கட்டியாகி ஊசியில் வராவிட்டாலோ அறுவை சிகிச்சை தேவைப்படும். அந்த நிலைக்குப் போவது சிலரே.

வீட்டுக்கு வந்த பிறகு

அப்பா தினமும் அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். "அறுபது இருக்கு, நல்லா இருக்கு" என்பார். பிறகுதான் தெரிந்தது, இந்த விஷயத்தில் நாடி எண்ணிக்கையை நம்ப முடியாது என்று. சாதாரணமாக ரத்த அழுத்தம் இறங்கினால் இதயம் படபடவென்று அடித்து ஈடுகட்டப் பார்க்கும். அந்தப் படபடப்பே எச்சரிக்கை. ஆனால் பேஸ்மேக்கர் தேவைப்பட்டவரின் இதயத்தால் பல நேரம் அப்படி வேகமெடுக்க முடியாது. கருவி வைத்த எண்ணிலேயே நாடி ஓடும், உள்ளே நெருக்கடி இருந்தாலும்.

எனவே ஆளைப் பாருங்கள். மூச்சு வாங்குவது, படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, பேஸ்மேக்கருக்கு முன்பிருந்த தலைசுற்றல் திரும்புவது, மூச்சிழுத்தால் குத்தும் நெஞ்சு வலி அல்லது தோள்பட்டை வலி, கை கால் சில்லிட்டு வியர்ப்பது, கழுத்து நரம்பு புடைத்திருப்பது, சிறுநீர் குறைவது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மயக்கமோ கடும் மூச்சுத்திணறலோ என்றால் ஆட்டோ தேடாமல் 108-ஐ அழையுங்கள், இலங்கையில் 1990. அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாக "பேஸ்மேக்கர் வைத்து இத்தனை நாள் ஆகிறது" என்று சொல்லி, பேஸ்மேக்கர் அட்டையை நீட்டுங்கள். இதைச் சொல்லாவிட்டால் வாயுத் தொல்லை என்றோ சாதாரண நெஞ்சு வலி என்றோ முதலில் பார்க்கத் தொடங்கி நேரம் போய்விடலாம். எக்கோ எடுக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

அம்மாவுக்கு ஊசி தேவைப்படவில்லை. 8 மில்லிமீட்டர் மறுநாளும் 8-ஆகவே இருந்தது, மூன்றாம் நாள் 6. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது மெல்லிய கோடு மாதிரிதான் தெரிந்தது. தண்ணீர் பாட்டில் எப்போதோ அவர் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அவர் டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, கொடியில் துணி காயப்போடலாமா என்பது. லீட் நன்றாக ஊன்றிக்கொள்ள இடது கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் ஆறு வாரம் இருக்கச் சொன்னார். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும், முழங்கையை மடக்கி நீட்டுங்கள், சாப்பிடுங்கள், தலையை மட்டும் வேறு யாராவது வாரிவிடட்டும் என்றார்.